தலையோடு வந்த சுறா

இனிமேல் தலையில்லாத சுறா என் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது! போன ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட சட்டம் இது. கோபத்தில் போட்டது. என் சட்டங்கள் எல்லாமே அப்படித்தான்.

பிரசவத்துக்கு வந்திருக்கும் என் மகள் கவிப்ரியாவுக்குப் பால் ஊற, பால் சுறாப் புட்டு கொடுக்க வேண்டும். ஓசூர் சந்தையில் துண்டு போட்டதாக வாங்கி வந்தேன். என் மனைவி சரிதா பையைத் திறந்து ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"ஏங்க, இது பால் சுறாவே இல்லீங்க. உங்கள ஏமாத்தி உட்டுட்டான்."

யார் முன்னால்? பேரனைப் பார்க்க வந்திருந்த சம்பந்தியம்மா சரோஜம்மாள் முன்னால்! நான் சிப்காட்டில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். நான் தலையாட்டாமல் ஒரு நட்டுகூட கம்பெனி கேட்டைத் தாண்டாது. சம்பந்தியம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். எதற்கென்று எனக்குத் தெரியாதா? கத்தினேன்.

"தூக்கிப் போடு அதை!"

நல்லவேளை, அன்று மதியம் பக்கத்து வீட்டு சாந்தம்மா புட்டு கொடுத்தனுப்பினார். நானும் ஒரு கை அள்ளித் தின்றுவிட்டு, "இதுதான்டி அசல் பால் சுறா!" என்றேன். சரிதா எனக்கு இன்னொரு கை புட்டு வைத்தாள். அப்புறம் மெதுவாக ஆரம்பித்தாள்.

"துண்டு போட்டா எந்தச் சுறான்னு யாருக்குங்க தெரியும்? முழு மீனாப் பார்த்து எடுக்கோணும்னா உங்கள மாதிரி ஆளு வேணும்."

வாரம் முழுக்க செல்போனில் சுறாவாகப் பார்த்தேன். பால் சுறாவுக்கு மூக்கு நீளம். கண் பெரிது. வாயோரத்தில் நீளமாய் ஒரு மடிப்புக் கோடு. முதுகின் பின்பக்கத்துக் குட்டித் துடுப்பு, அடியில் இருக்கும் துடுப்பைவிடச் சற்றுப் பின்தள்ளி நிற்கும். கனவிலும் துடுப்பு வந்தது.

இந்த ஞாயிறு, அளவுகோலும் கையுமாக மீன்கடை திம்மப்பன் முன் நின்றேன்.

"இதோ சார், பால் சுறா."

"துடுப்பு நுனி கறுப்பு. ரிஜெக்ட்!"

"இது?"

"உடம்பெல்லாம் வரி. புலிச்சுறாக் குட்டி. ரிஜெக்ட்!"

"அப்ப இது?"

"யோவ், தலை சுத்தியல் மாதிரி இருக்கு! கொம்பன் சுறாய்யா அது! எனக்கென்ன கண்ணு அவிஞ்சு போச்சா?"

"அய்யோ தேவரே!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டான் திம்மப்பன். "மீனு வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா சார்?"

கடைசியில் ஐஸுக்கு அடியிலிருந்து ஒன்று வந்தது. மூக்கு, கண், கோடு, துடுப்பு, எல்லாம் பாஸ்.

"வெட்டிக் கொடுக்கட்டா சார்?"

"தொடாதே! வெட்டற சாக்குல மாத்திடுவே!"

வீட்டுக் கூடத்தில் சுறாவைக் கிடத்தி, சம்பந்தியம்மாவுக்கு ஒவ்வொரு உறுப்பாக விளக்கினேன். போன மானம் திரும்பி வந்துகொண்டிருந்தது. சரிதா கத்தியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"நீங்களே அறுத்துடுங்க. நான் தொட்டா, நீ மாத்திட்டேம்பீங்க."

"நானா?"

"ஏங்க, உங்களுக்குத்தானே எல்லாம் தெரியும்?"

சம்பந்தியம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படி மறுப்பது? அறுத்தேன். வெந்நீர் ஊற்றி, உப்புத்தாள் போன்ற தோலைச் சுரண்டினேன். வேகவைத்து, முள் பொறுக்கி, உதிர்த்தேன். பூண்டு உரித்தேன். வெங்காயம் நறுக்கினேன். கண்ணீர் வந்தது, வெங்காயத்தால் பாதி, ஆத்திரத்தால் பாதி. சரிதா பேரனை மடியில் போட்டுக்கொண்டு சம்பந்தியம்மாவோடு அரட்டை அடித்தாள்.

"சம்பந்தி கைப்பக்குவமே தனிதான்! வாரா வாரம் அவரே பண்ணட்டும்" என்று இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார் சம்பந்தியம்மா.

அடுப்படிக்கு வந்த சரிதாவிடம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"போன வாரத்து மீன்ல அப்படி என்னடி கொறை கண்டே?"

"ஒரு கொறையும் இல்லீங்க. சாந்தம்மாகிட்ட கொடுத்து அதத்தான் புட்டு பண்ணச் சொன்னேன். நீங்ககூட அசல்னு சொன்னீங்களே?"

"அப்புறம் எதுக்குடி இந்தப் பாடு?"

"துண்டா வந்தா நான் சமைக்கோணும். முழுசா வந்தா நீங்க சமைப்பீங்க."