உங்கள் தங்கை படுக்கமாட்டேன் என்கிறாள்

பரான்கியா,
கார்னிவலுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய மச்சான் அபெலார்தோ அவர்களுக்கு, உங்கள் தங்கை எனெய்தாவின் கணவன் வில்ஃப்ரிடோ வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே யாவரும் நலம். அங்கே பொகோதாவில் குளிரும் நீங்களும் ஒருவரையொருவர் அனுசரித்துக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் நடுவே நீங்கள் பேசுவீர்கள் என்பதால் கடிதம். என்னோடு பஸ் ஓட்டிய பழைய பையன்கள் கையில் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் கிளம்புவதற்கு முன்பே வந்து சேர்ந்துவிடும்.

போன மாதம் நீங்கள் போட்ட உத்தரவு இன்னும் என் காதில் இருக்கிறது. "இடுப்பு வலி, முதுகு வலின்னா படுக்கணும். அவ எழுந்து நடமாடினா உங்களைத்தான் கேப்பேன் மாப்ளே. கார்னிவலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை கார் எடுத்துட்டு வந்து அவளை இங்கயே கூட்டிட்டுப் போயிடறேன்" என்றீர்கள். சொன்னதோடு நிற்காமல் பெரிய மெத்தை ஒன்றையும் வாங்கி அனுப்பினீர்கள். நானும் என்னால் முடிந்ததைச் செய்தேன் மச்சான். துடைப்பத்தை ஒளித்து வைத்தேன். அவள் மாப்பை எடுத்துக்கொண்டாள். மாப்பையும் ஒளித்தேன். அதைத் தேடி வீடு முழுக்க நடந்துவிட்டு, "நல்லதாப் போச்சுய்யா, இன்னிக்கு நடக்க வேண்டியது நடந்தாச்சு" என்று உட்கார்ந்தாள். சரி, உங்கள் மெத்தையிலாவது படு என்று கெஞ்சினேன். படுத்தாள். படுத்தவள் இரண்டு முழங்காலையும் மடக்கி, இடுப்பை மெல்லத் தூக்கி இறக்கினாள், மறுபடி தூக்கி இறக்கினாள், கட்டில் கிறீச் கிறீச்சென்று கத்தியது. ஜன்னலோ திறந்து கிடந்தது. மறுநாள் காலையிலிருந்து தெருவில் என் வயது ஆண்கள் எல்லோரும் எனக்குத் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்கிறார்கள். நான் ஏன் மறுக்க வேண்டும்?

இதற்கெல்லாம் காரணம் அந்த பிசியோதெரபிப் பெண் யுலிசா. "படுத்தே இருந்தா இன்னும் இறுகிப்போகும் அம்மா. வீட்டுக்குள்ளயே கொஞ்சம் கொஞ்சமா அசைஞ்சுக்கிட்டே இருங்க. சுருக்குனு வலிச்சா நிறுத்துங்க, கனமான எதையும் தூக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவுதான், சமையலறை உடற்பயிற்சிக் கூடமாகிவிட்டது. காப்பி துணி வடிகட்டியில் இறங்கும் நேரத்தில் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்கிறாள். முட்டை அரேபா செய்கிறாளா, தட்டிய சோளமாவை முதல் தடவை எண்ணெயில் போடும்போது வலது காலைப் பக்கவாட்டில் நகர்த்துகிறாள். அதை எடுத்துக் கீறி உள்ளே முட்டையை ஊற்றி இரண்டாம் தடவை போடும்போது இடது காலை நகர்த்துகிறாள். அவள் பயிற்சிக்காக நான் வேளைக்கு வேளை அரேபா தின்று தொப்பை போட்டதுதான் மிச்சம். இன்னொன்று கேளுங்கள். குனிய வேண்டாம் என்று சட்டி, பானை, அரிசி, சர்க்கரை எல்லாவற்றையும் தன் இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள். அங்கே ஏற்கெனவே குடியிருந்த என் ரேடியோ, என் டாமினோ பெட்டி, என் ரம் பாட்டில் எல்லாம் தரையோடு தரையாகக் கீழ்த்தட்டுக்குப் போய்விட்டன. "எனக்கும் இடுப்பு இருக்குடி" என்றேன். "இருக்குல்ல? குனி, அது மறந்துபோகாம இருக்கும்" என்றாள்.

சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன், ஆனால் மச்சான், இது விளையாட்டில்லை. எங்கள் கும்பியா நடனக் குழுவின் தலைவி உபால்தினா பற்றி உங்களுக்குத் தெரியும். எரியும் மெழுகுவர்த்திக் கொத்தை உயரத் தூக்கிக்கொண்டு, தலை நிமிர்ந்து ஊர்வலம் முழுக்க ஆடமுடியாதவளுக்கு அவளிடம் இடமில்லை. போன மாதமே வீட்டுக்கு வந்து, "இந்த வருஷம் நீ அலங்கார வண்டில உக்காந்து கையாட்டிட்டு வா எனெய்தா. உன் இடத்துக்கு என் மருமகளைப் போட்டுக்கறேன்" என்றாள். உங்கள் தங்கை, "வண்டில உக்காந்து கையாட்ட நான் என்ன அழகு ராணியா? தெருவுல ஆடிக் காட்டறேன், அப்புறம் பேசு" என்றாள். அன்று சாயங்காலமே எங்கள் முனையிலிருந்து தெருவின் மறுமுனைவரை ஆடிப்போய்த் திரும்ப வேண்டும் என்று பேச்சு. மருந்துக்கடை வரை போனாள். அங்கே விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவளால் அடுத்த அடி எடுத்துவைக்க முடியவில்லை. நான் போய்க் கையைக் கொடுத்துக் கூட்டிவந்தேன். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை.

மறுநாள் காலை எழுந்து பார்த்தால் கூடத்தில் பாவாடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "தெருவை ஒரேயடியா ஆடணும்னு யாருய்யா சொன்னது? நம்ம நடைக்கூடத்தளவு முதல்ல ஆடறேன்" என்றாள். கும்பியாவில் பெண் குதிப்பதில்லை அல்லவா, பாதத்தைத் தரையைவிட்டு எடுக்காமல் தேய்த்துத் தேய்த்துப் போவதுதானே. கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை போவாள். நாற்காலியில் உட்காருவாள், கையை ஊன்றாமல் எழுந்திருப்பாள், மறுபடி போவாள். வலி கூடினால் வெந்நீர்ப் பையை முதுகில் வைத்துக்கொண்டு என்னைத் திட்டுவாள். குறைந்தால் என்னைத் திட்டிக்கொண்டே ஆடுவாள். சில நாள் பாதிக் கூடத்தோடு நிறுத்திக்கொண்டாள். அதற்காக முகம் வாடவில்லை, மறுநாள் அந்தப் பாதியிலிருந்து தொடர்ந்தாள். வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டியவன் நான், எத்தனையோ எஞ்சின்களைப் பார்த்தவன். இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

போன ஞாயிறு சாயங்காலம் உபால்தினா மறுபடி வந்தாள். தெருவே வாசலில் ஆடும் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. நானும் வீட்டுக்குள்ளிருந்து நம் பெரிய நாற்காலியை, அந்தக் கருங்காலி மர நாற்காலியை, ஒற்றைக் கையால் தூக்கி வந்து போட்டு உட்கார்ந்தேன். மேளம் தொடங்கியது. எனெய்தா மெழுகுவர்த்திகளைத் தூக்கிப் பிடித்துக் கிளம்பினாள். மருந்துக்கடை வந்தது. விளக்குக் கம்பத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டினாள் மச்சான்! மறுமுனையில் ஒரு சுற்று சுற்றித் திரும்பி வந்தாள். உபால்தினாவே, "என்னடி இது, எங்க மூட்டு எல்லாத்தையும் நீயே வாங்கிக்கிட்டியா?" என்று கட்டிக்கொண்டாள். தெருவே எழுந்து நின்று கைதட்டியது. நான் மட்டும் எழவில்லை. நெகிழ்ச்சியில் நாற்காலியை விட்டு அசையவே தோன்றவில்லை. கண்ணில் தண்ணீர் வந்ததையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே மச்சான், வெள்ளிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு சிரமப்பட வேண்டாம். அவளை இந்தத் தெருவிலிருந்து பெயர்த்துக்கொண்டு போய் அந்தக் குளிரில் படுக்கவைத்தால் உங்களுக்கு ஒரு நோயாளி கிடைப்பாள், எனக்கு வீடு காலியாகும். சனிக்கிழமை ஊர்வலத்தில், வெள்ளை உடையில், தொப்பியைக் கையில் நீட்டிக்கொண்டு நான்தான் அவளைச் சுற்றி ஆடப்போகிறேன். தடுமாறினால் தாங்கிக்கொள்ள நான் சுவர்போல் பக்கத்தில் இருக்கிறேன். இவளைவிட நல்ல பெண்ணை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

கன்னி மேரி உங்கள் வீட்டுக் கூரையையும் உங்கள் மூட்டுகளையும் காக்கட்டும். உங்கள் வீட்டம்மாவுக்கு என் அன்பு. உங்கள் நாய்க்கும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
வில்ஃப்ரிடோ

பின்குறிப்பு: அண்ணா, எனெய்தா எழுதுகிறேன். மேலே உள்ளதையும் நான்தான் எழுதினேன். இவர் சொல்லச் சொல்ல எழுதினேன், ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெரிய நாற்காலியைத் தூக்கினாரே, அப்போதே இவர் முதுகு பிடித்துக்கொண்டுவிட்டது. நெகிழ்ச்சியில் எழவில்லையாம்! எழ முடியவில்லை. மேளக்காரர்கள் நாற்காலியோடு சேர்த்து, புனிதரைப் பல்லக்கில் தூக்குவதுபோல், வீட்டுக்குள் தூக்கி வந்தார்கள். அன்றிலிருந்து நீங்கள் அனுப்பிய மெத்தையில்தான் சுவர் படுத்திருக்கிறது. யுலிசா வந்து எழுந்து நடக்கச் சொன்னாள். "படுத்தே கெடக்கணும்னு என் மச்சான் சொல்லியிருக்கார்" என்கிறார்.

வெள்ளிக்கிழமை கட்டாயம் வாருங்கள். யாரையும் கூட்டிக்கொண்டு போக அல்ல. சனிக்கிழமைக்கு எனக்கு ஜோடி இல்லை, உங்கள் வெள்ளைக் கால்சட்டையை எடுத்து வாருங்கள். ஒத்திகைக்கு நம் கூடம் போதும்.

இத்தனை வருஷத்தில் இவர் என் காப்பியைக்கூட நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை அண்ணா. நின்றுகொண்டு இதையெல்லாம் சொல்லியிருக்கவே மாட்டார். "எழுதி முடிச்சாச்சா?" என்று இப்போது உள்ளேயிருந்து கேட்கிறார். இன்னும் ஒரு பக்கம் காலியாக இருக்கிறது, மேலே சொல்லுங்கள் என்றேன். தொண்டையைச் செருமுகிறார். சொல்லி முடிக்கட்டும், அப்புறம் எழுப்பி நடக்கவைக்கிறேன்.