நடுவில் நிற்பவர்

மதன் எழுந்தான். பல் தேய்த்தான். இரண்டு பேருக்கு டீ போட்டு, இரண்டையும் அவனே குடித்தான். மனைவி இறந்து ஒரு வருடம் ஆகியும் கைக்கு அளவு மாறவில்லை. கம்பெனி பஸ் ஏறி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இறங்கியதும் முதலாளி துளசிராமனின் போன்.

"இன்னா மதன், எங்க தாத்தா கெடைச்சாரா?"

பீர் ஆலைக்குப் பொன்விழா. மதன் எழுதும் ஆலை வரலாறு பிடித்துப்போனால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் இந்த மாதத்தோடு கும்பிடு. வரலாறு தயார். நிறுவனர் ரங்கசாமியின் படம்தான் இல்லை. பேரன் துளசிராமன் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவர். கேமராவைக் கண்டாலே ஓடிவிடுவாராம். 'விளம்பரம் விரும்பாத எளிமை' என்று அதையும் ஓர் அத்தியாயம் ஆக்கியிருந்தான்.

கடைசியில் அவருடைய பழைய டிரங்குப் பெட்டியில் ஒரு படம் அகப்பட்டது. வரிசையாகப் பானைகள். பின்னால் நடுநாயகமாக, காக்கிச் சட்டையும் முறுக்கு மீசையுமாக ஒருவர். காலடியில் நாலு பேர் தலைகுனிந்து குந்தியிருந்தார்கள். ஓரத்தில் இருந்தவன் துண்டால் முகத்தையே மூடியிருந்தான்.

"முதல் உற்பத்தி சார். நடுவுல ஐயா. கீழ தொழிலாளிங்க."

"இவன் ஏன் மூஞ்ச மூடிகினு கீறான்?"

"மரியாதை சார்."

"அசிங்கமா கீது. வெட்டிடு. அந்தக் காக்கியையும் மாத்து, வாட்ச்மேன் மாதிரி கீறாரு."

ஸ்டூடியோவில் கோட்டு மாட்டினார்கள். முதலாளிக்குப் போதவில்லை.

"இந்தக் கோட்டப் போட்டுகினு கும்மிடிப்பூண்டியிலயேவா குந்திகினு இருந்திருப்பாரு?"

அன்று சாயங்காலமே மதனின் வரலாற்றில் ரங்கசாமி ஜெர்மனியில் படித்து முடித்தார். ஜெர்மனி ரிட்டர்னுக்கு வெறும் படமா என்று வெண்கலச் சிலை வந்தது. புது பாட்டில் லேபிளில் முகம் வந்தது. முதலாளியின் மீசையும் மேல்நோக்கி முறுக்கிக்கொண்டது.

"அப்படியே தாத்தா சார்" என்றார்கள் மேனேஜர்கள், இன்க்ரிமென்ட் மாதம் என்பதால் கொஞ்சம் சத்தமாகவே.

விழாவன்று ரங்கசாமியின் மகள் சந்திரகலா பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்தார். முதலாளிக்கு அத்தை. சிலைக்கு முதல் மாலை அவர் கையால். மாலையைத் தூக்கியவர் அப்படியே நின்றார்.

"யாருடா இது?"

"இன்னாத்தே, பெத்த நைனாவையே தெரியலயா?"

"எங்கடா புடிச்ச இந்த மூஞ்ச?"

மதன் செல்போனில் முழுப் படத்தைக் காட்டினான். சந்திரகலா மாலையை அவன் கையில் கொடுத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நடுவுல நிக்கறது நம்ம சாராயத்தப் புடிச்ச இன்ஸ்பெக்டரு. ஓரத்துல துண்டால மூஞ்ச மூடிகினு குந்திகினு கீறாரு பாரு, அவருதான்டா எங்க நைனா."