நான்காம் பக்கத்து ஏழாம் நபர் எழுதுவது

மதிப்புக்குரிய இதழாசிரியர் அவர்களின் மேலான பார்வைக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் வீட்டாரும், வருகிற கட்டுரைகளைச் சலித்துப் புடைக்கும் தங்கள் அலுவலகத்துப் பெரியவர்களும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். ‘நான் நலம்’ என்று அடுத்த வரி எழுத வேண்டும். எழுத முடியவில்லை ஐயா, பேனா நின்றுவிட்டது. என் நலத்தைத்தான் தாங்கள் ஏற்கெனவே படமாகப் பார்த்திருக்கிறீர்களே! நோயெதிர்ப்பு உயிரணுக்களுக்குள் அழற்சிச் செய்தி எப்படிக் கைமாறிப் போகிறது என்று என் மகள் தங்களுக்கு ஒரு கட்டுரை அனுப்பியிருக்கிறாள். அதில் நான்காம் பக்கத்து வரைபடத்தில், ரத்தம் கொடுத்த ஆளுக்கு ஒன்றாக, பத்துக் கம்பங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒன்பது நெடுநெடுவென்று வளர்ந்திருக்க, ஏழாவது மட்டும் தரையோடு தரையாகக் கிடக்கிறது. அந்த ஏழாவது நான்தான். அது பொய்க் கம்பம். மகள்மேல் ஒரு தப்பும் இல்லை. பெற்ற அப்பன் செய்த வேலை இது.

நான் உடற்பயிற்சி ஆசிரியர். முப்பத்தோரு வருடமாக ஒரே பள்ளி, ஒரே மைதானம். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் ‘விசில் சார்’. இத்தனை வருடத்தில் காய்ச்சல் என்று ஒரு நாள் விடுப்பு எடுத்ததில்லை, அதைச் சொல்லிச் சொல்லியே வீட்டில் எல்லோர் காதிலும் ரத்தம் வர வைத்துவிட்டேன் என்பது என் மனைவியின் கருத்து. அப்படிப்பட்டவன் போன வருடம் எட்டாம் வகுப்புக்கு நீளம் தாண்டுவது எப்படி என்று தாண்டிக் காட்டினேன். மணலில் இறங்கினதும் இடது முழங்காலில் ‘கடக்’ என்று ஒரு சத்தம். நாற்பது பிள்ளைகள் கை தட்டுகிறார்கள், எனக்குக் கண்ணில் பூச்சி பறக்கிறது. எழுந்து, “பாத்தீங்களா, இப்படித்தான்” என்று சொல்லி நடந்தேன். எப்படி நடந்தேன் என்று இன்று வரை எனக்கே தெரியாது.

வீட்டில் சொன்னால் மானம் போய்விடும். அதனால் மருந்துக்கடை வைத்திருக்கும் என் மைத்துனனிடம் போனேன். எங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியார் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு மூன்றே நாளில் மாடிப்படி ஏறினாராம். எனக்கும் அதையே கொடு என்றேன். அவன் முகம் வெளிறிப்போயிற்று. “அத்தான், அதெல்லாம் டாக்டர் பாக்காம குடுக்கக் கூடாது அத்தான்.” “டாக்டரைப் பாத்தா உங்க அக்காவுக்குத் தெரியும், அவளுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும். நீ குடு மாப்பிள்ளை, நான் பாத்துக்கிறேன்.” நாளைக்கு வாங்க என்றான். மறுநாள் அட்டையைப் பிரித்து, வெறும் மாத்திரைகளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தான், தினமும் இரண்டு. சொன்னால் நம்பமாட்டீர்கள், நான்காம் நாள் வலி போன இடம் தெரியவில்லை!

இந்த நேரத்தில்தான் மகளின் ஆய்வுக்கூடத்தில் ஆரோக்கியமான ஆட்கள் பத்துப் பேர் ரத்தம் வேண்டும் என்றார்கள். “ஆரோக்கியம்னா அப்பாதான்” என்று நானே சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய் நின்றேன். ஊசிக்கு முன்னால் மகள் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு, “கடந்த ஒரு மாசத்துல ஏதாவது மருந்து, மாத்திரை சாப்பிட்டீங்களாப்பா?” என்று கேட்டாள். கேள்வியை இரண்டு தரம் கேட்டாள். “நானா? மாத்திரையா?” என்று சிரித்தேன். அவள் ஏதோ எழுதினாள், நான் கையெழுத்துப் போட்டேன், ரத்தம் கொடுத்தேன். புத்தி கெட்டுப்போனால் வாய் எவ்வளவு தைரியமாகப் பேசுகிறது பாருங்கள்.

அந்த ரத்தத்தில் கிருமியின் மேல்தோல் துணுக்கைக் கலந்து, உடம்புச் சூட்டில் ஒரு நாள் வைப்பார்களாம். உயிரணுவின் வெளிச்சுவரில் காவல் நிற்கிற மூலக்கூறு அதைத் தொட்டதும் உள்ளே இருக்கிற மூலக்கூறுக்குச் சொல்லும், அது அடுத்ததற்குச் சொல்லும். “உங்க தொடர் ஓட்டம் மாதிரிதாம்ப்பா, கோல் கை மாறிக்கிட்டே போகும்” என்றாள் மகள். கோல் நடுமையத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் உயிரணு சைட்டோகைன் என்ற தூது மூலக்கூறுகளை வெளியே கொட்டும், அதைக் கேட்டுத்தான் காய்ச்சலும் வீக்கமும் சிவப்பும் வருமாம். ஒன்பது பேர் ரத்தத்தில் கோல் கடைசி வரை போயிற்று. என் ரத்தத்தில் இரண்டாவது ஆளே கோலை வாங்கவில்லை! மகள் மூன்று முறை திருப்பிச் செய்தாள், மூன்று முறையும் அதே கம்பம். ஆறு வருட ஆராய்ச்சியில் அவள் இப்படி ஓடிவந்து நான் பார்த்ததில்லை. “ரொம்ப அபூர்வம்ப்பா இது, தேடினாலும் கிடைக்காது!” நானும் ஆசிரியர் அறையில் போய், என் ரத்தம் சாதாரண ரத்தம் இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் சாப்பிடும்போது அவளே சாதாரணமாக ஒரு வார்த்தை சொன்னாள். “ஸ்டீராய்டு சாப்பிடறவங்க ரத்தத்துலயும் சைட்டோகைன் சரியா வராதுப்பா. அதனாலதான் முதல்லயே கேட்டுடுவோம்.” சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். ஐயா, எனக்குப் புரை ஏறிவிட்டது. மனைவி தண்ணீரை நீட்டி, “என்னங்க, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?” என்றாள். காரம் என்று சொன்னேன். அன்று காரமே இல்லை. மறுநாள் காலையிலேயே பொட்டலத்தைக் குப்பையில் போட்டேன். பத்து நாள் கழித்து, “இன்னொரு தடவை ரத்தம் எடும்மா, எதுக்கும் இருக்கட்டும்” என்று நானே போய் உட்கார்ந்தேன். மறுபடியும் தரைக் கம்பம்! மைத்துனனுக்குப் போன் போட்டு, அந்த மருந்து உடம்பில் எத்தனை நாள் தங்கும்டா என்று கேட்டேன். “அது... தங்கும் அத்தான்... கொஞ்ச நாள்” என்று மென்று முழுங்கினான். எனக்கு மிச்சமிருந்த உயிரும் போய்விட்டது. அதற்குள் கட்டுரை தங்களிடம் வந்துவிட்டது.

நாளைக்கு வேறொருவர் இதைச் சோதித்துப் பார்த்து, மாத்திரை தின்றவன் ரத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பு என்றாளே என்று சிரித்தால், என் பெண் எந்த ஆய்வுக்கூடத்து வாசலில் போய் நிற்பாள்? அவள் இரண்டு தரம் கேட்டாள், நான் இரண்டு தரமும் பொய் சொன்னேன். ஆகவே ஏழாவது கம்பத்தை எடுத்துவிடுங்கள். திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள், அவள் பெயரில் ஒரு கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பனாக இதைத்தான் கேட்க முடிகிறது. தங்கள் இதழ் ஆல்போல் தழைக்கட்டும், என் போன்ற ஆட்கள் கண்ணில் படாமல் தழைக்கட்டும். தங்கள் பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
ஏழாம் நபர்

பின்குறிப்பு: மேலே எழுதியது அத்தனையும் தப்பு. நாலு பக்கத்தைக் கிழிக்க மனசு வராததால் அனுப்புகிறேன். உறையை ஒட்டுவதற்கு முன்னால், கடைக்கு ஏதாவது வம்பு வருமே என்று மைத்துனனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடப் போன் போட்டேன். “அய்யய்யோ அத்தான், அனுப்பிடாதீங்க!” என்று அலறினான். “அது ஸ்டீராய்டே இல்ல அத்தான், வெறும் கால்சியம்! நீங்க கேட்ட அன்னைக்கே அக்காகிட்ட சொல்லிட்டேன். அக்கா உங்க பொண்ணுகிட்ட சொல்லிடுச்சு. அவதான், ‘அவர் கேக்கறதைக் குடுத்துடாதீங்க மாமா, கால்சியம் குடுங்க’ன்னா.” போனை வைத்துவிட்டுத் திரும்பினால், தாயும் மகளும் கதவருகே நிற்கிறார்கள். “நொண்டற நடையும் நல்ல நடையும் எனக்குத் தெரியாதாக்கும்?” என்றாள் மனைவி. மகள் பையிலிருந்து படிவத்தை எடுத்துக் காட்டினாள். ‘கால்சியம், தினமும் இரண்டு’ என்று அவள் கையெழுத்தில் அன்றே எழுதியிருக்கிறது, கீழே கண்ணாடி போடாமல் நான் போட்ட கையெழுத்து! வீட்டுக்கே தெரிந்த விஷயம், எனக்குத்தான் தெரியவில்லை. “அப்போ அந்தக் கம்பம்?” என்றேன். “நிஜம்ப்பா. உங்க ரத்தமே அப்படித்தான்.” ஐயா, குதித்தேன். இந்த வயதில், இந்தக் காலோடு குதித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். “சந்தோஷப்படற விஷயம் இல்லப்பா. கிருமி உள்ள வந்தா உங்களுக்கு ஒழுங்கா காய்ச்சல் வராது, வீங்காது. உங்க உடம்பு வெளிய சொல்லாது. கால் வலிக்குதுன்னு நீங்களே சொல்வீங்கன்னுதான் இத்தனை நாள் காத்துக்கிட்டு இருந்தேன். உடம்பும் சொல்லாம, நீங்களும் ஒண்ணுமில்லன்னுட்டா, எனக்கு யாருப்பா சொல்லுவா?” குரல் உடைந்துவிட்டது அவளுக்கு. எனக்கு வந்த அதிர்ச்சிகளிலேயே இதுதான் பெரியது. ஆகையால் ஏழாவது கம்பம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இனி எதையும் மறைப்பதில்லை என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், தாங்களே சாட்சி. முதல் தகவலை எழுத்தில் தருகிறேன்: அது வெறும் கால்சியம் என்று தெரிந்த நிமிடத்திலிருந்து இடது முழங்கால் வலிக்கிறது. ரொம்ப வலிக்கிறது.