அலையாத்தி நட்ட ஓடைக்கரை

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் படித்து, என் தங்கையின் வயலைக் கெடுத்தேன்.

என் முப்பதுகளில் மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்கைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு விடுமுறைக்கு முத்துப்பேட்டை போய், கடலோரச் சேற்றில் நிற்கும் அலையாத்திக் காட்டைப் பார்த்தேன். (படகில் உட்கார்ந்தபடிதான். வேட்டியில் சேறு படக்கூடாதே.) கடலையே மறித்து நிற்கிற மரத்துக்கு வேர் பாதாளம் வரை போகத்தான் செய்யும் என்று நானே முடிவு கட்டினேன். படகோட்டியை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தங்கை பேச்சியைத் திருமங்கலம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் புருஷன் சேவுகனின் வயலை ஒட்டி ஓர் ஓடை. கரை நெடுக நாணல்.

"இத வெட்டிட்டு அலையாத்தி வைப்போம் மாப்ள. வேரு முப்பதடி கீழ போகும்."

"நாணலு இம்புட்டு வருசமா கரையப் பிடிச்சுக்கிட்டுத்தான நிக்குது மச்சான்."

"படிச்சவன் சொல்றேன்ல?"

பெண் கொடுத்த வீட்டுக்காரன் பேச்சைத் தட்ட அவருக்கு மனசு வரவில்லை. இரண்டு நாள் நாணலைத் தோண்டி எறிந்தார். நான் ரயிலில் ஈரச் சாக்கோடு நாற்பது கன்றுகளைக் கைக்குழந்தை போலக் கொண்டுவந்து நட்டேன். கூடவே ஒரு பிரசங்கமும் செய்தேன். (ஊரே கூடிக் கேட்டது. அதுதான் வினை.)

கார்த்திகை மழையில் மூன்றாம் நாள் கரை உடைந்தது. நான் போனபோது, பால் பிடித்த நெல் மணலுக்கு அடியில் கிடந்தது. என் கன்றுகள் வேலி முள்ளில் தொங்கின. பேச்சி வரப்பில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, காபி போடப் போனாள்.

பிறகுதான் முத்துப்பேட்டைக்குப் போய் அதே படகோட்டியிடம் கேட்டேன்.

"அதுக்கு ஆணிவேரே கெடையாதுங்களே. சேத்துக்குக் கீழ காத்து ஏது? இடுப்பளவு தோண்டுனா பெரும்பாலும் முடிஞ்சிரும். பக்கவாட்டுலதான் பாய் விரிச்ச மாதிரி ஓடும். அன்னைக்கே கேட்டிருக்கலாமே."

அந்த வருஷம் சேவுகன் பஞ்சாலை வேலைக்கு வந்து, என் வீட்டிலேயே எட்டு மாதம் தங்கினார். நாணல் என்ற சொல்லை ஒரு நாளும் அவர் எடுக்கவில்லை. திட்டியிருந்தால் சோறாவது இறங்கியிருக்கும்.

இன்றும் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பந்தக்கால் ஊன்றும்போது பேச்சி, "அண்ணே, நீ கொஞ்சம் தள்ளி நில்லு" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே தள்ளி நிற்பேன். சேவுகன் மட்டும் சிரித்ததில்லை. வந்து என் பக்கத்தில் நின்றுகொள்வார்.