உண்மையான சொந்தக்காரன்: தயாபரன்

ஒரு பொருளை விற்கவும் வேண்டும், விற்ற பிறகும் அது தன்னிடம் மட்டுமே இருக்கவும் வேண்டும் என்று ஆசைப்படுகிறவனுக்கு நித்திரை வராது. எனக்கு மாதக்கணக்காக வரவில்லை.

நான் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறவன். எடுப்பது பாதி வேலை, மீதிப் பாதி கணினியில். எங்கள் ஊர் வெயிலில் மணமகளின் முகம் ஒரு நிறம், கழுத்து இன்னொரு நிறம், மணவறை விளக்குக்குக் கீழே இரண்டும் மஞ்சள். இதைச் சரியாக்க ஒவ்வொரு படத்திலும் ஏகப்பட்ட திருத்தங்கள் செய்ய வேண்டும். அவற்றை ஒருமுறை செய்து பதிந்து வைத்துவிட்டால், பிறகு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், கணினி தானே எல்லாவற்றையும் செய்துவிடும். எங்கள் தொழிலில் அதற்கு ‘அக்சன்’ என்று பெயர். நான் செய்த அக்சனில் கூறைச் சேலையின் சிவப்பு, கூறைச் சேலையின் சிவப்பாகவே இருக்கும். (மற்றவர்களின் படங்களில் அது பீற்றூட் நிறம். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான்.)

சாவகச்சேரியில் ஒரு ஸ்ரூடியோக்காரர் அதை விலைக்குக் கேட்டார். கொடுத்தேன். கொடுத்த அன்றே பயம் பிடித்துக்கொண்டது. அக்சன் என்பது ஒரு சின்னக் கோப்பு. பென்ட்ரைவில் ஏறினால் ஊர் தாண்டிவிடும், வட்ஸ்அப்பில் ஏறினால் கடலே தாண்டிவிடும். பருத்தித்துறையில் யாராவது நல்ல படம் போட்டால் அது என் அக்சனோ என்று சந்தேகப்பட்டேன். பேஸ்புக்கில் முன்பின் தெரியாத மணப்பெண்களின் சேலையைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தேன்.

“இஞ்சருங்கோ, ஆற்றையோ பொம்பிளையின்ரை சீலையை ஏன் உப்பிடிப் பாக்கிறியள்?” என்று என் மனைவி வதனி கேட்டாள்.

“என்ரை சிவப்போ எண்டு பாக்கிறன்.”

அவள் எங்கள் கல்யாண அல்பத்தைக் கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டுப் போனாள்.

கடைசியில் வட்டுக்கோட்டையில் மென்பொருள் எழுதும் என் நண்பன் ஜெனாவிடம் போனேன்.

“பூட்டுப் போடலாம் மச்சான். ஆனா உடைக்கிறவன் உடைப்பான்” என்றான்.

“உடைச்சாலும் பரவாயில்லை. களவெடுத்தவன் ஊருக்கு முன்னாலை வெக்கப்பட வேணும்.”

அந்த வெட்கத்தைத் திட்டமிட்டது நான், எழுதிக் கொடுத்தது ஜெனா. அக்சன் ஓடத் தொடங்கும்போது கணினியின் பெயரைப் பார்க்கும். பதிந்து வைத்த பெயர் என்றால் சத்தமில்லாமல் வேலை செய்யும். வேறு பெயர் என்றால், முதலில் வருகிற படங்களை ஒழுங்காகவே செய்து கொடுக்கும். (கள்ளன் சோதித்துப் பார்த்துச் சந்தோசப்படட்டும் என்று.) அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு படத்தின் மேலும் குறுக்காக, பெரிய சிவப்பு எழுத்தில் இப்படிப் பொறித்துவிடும்: “இது களவெடுத்தது. உண்மையான சொந்தக்காரன்: தயாபரன்.” அதற்குக் கீழே என் தொலைபேசி எண். சாவகச்சேரி ஸ்ரூடியோக்காரரின் கணினிப் பெயரையும் பதிந்து, அவரிடம் இருந்த பழையதை அழித்து, பூட்டுப் போட்டதைக் கொடுத்தேன்.

அன்றைக்கு நான் குறட்டை விட்டுத் தூங்கினேன் என்று வதனி சொன்னாள்.

பிறகு வந்தது தெல்லிப்பழைக் கல்யாணம். பெண்ணின் தகப்பன் தம்பிராசா ஐயா, வெங்காயமும் புகையிலையும் செய்கிற பெரிய தோட்டக்காரர். ஆளும் பெரிது, மீசையும் பெரிது. அந்தப் பெண்ணுக்கு முதலில் பேசிய சம்பந்தம் ஒன்று முறிந்திருந்தது. யாரோ பெயர் சொல்லாமல் மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் எடுத்து, பெண்ணுக்கு வேறு ஒருவனோடு தொடர்பு என்று சொல்லிவிட்டான். முழுப் பொய். ஐயா அந்தப் போன்காரனை அன்றுமுதல் தேடிக்கொண்டிருந்தார்.

“அவன் மட்டும் என்ரை கையிலை கிடைச்சானெண்டால், தம்பி...” என்றார், நான் கல்யாணப் படத்துக்கு ஒப்புக்கொள்ளப் போனபோது. வசனத்தை முடிக்கவில்லை. கை மட்டும் வெங்காயத்தைத் தாளோடு பிடுங்குவதுபோல ஒருமுறை அசைந்தது. படம் எடுக்க வந்த எனக்கே கழுத்து வலித்தது.

காலையில் தாலி கட்டு. மாலையில் மண்டபத்தில் வரவேற்பு. காலையில் எடுத்த படங்களை மாலையில் பெரிய திரையில் ஓடவிட வேண்டும் என்று ஐயா கேட்டிருந்தார். நான் மதியம் ஒரு மூலையில் இருந்து எல்லாப் படங்களுக்கும் அக்சனை ஓடவிட்டேன். முதல் சில படங்களைப் பார்த்தேன். கூறை கூறையாக இருந்தது. பென்ட்ரைவில் போட்டு, திரையை இயக்குகிற பெடியனிடம் கொடுத்துவிட்டேன்.

அதற்கு முந்திய வாரம்தான் என் லப்டொப் மின்னலில் அடிபட்டுத் திருத்த வேலைக்குப் போய் வந்திருந்தது. திருத்தியவர் உள்ளே இருந்த எல்லாவற்றையும் அழித்து, புதிதாகப் போட்டுக் கொடுத்திருந்தார். எடுத்து வைத்திருந்த பிரதியிலிருந்து அக்சனை நான் திரும்ப ஏற்றிக்கொண்டேன், ஆனால் கணினியின் பெயர் மாறியிருந்தது. இது என் ஞாபகத்தில் இல்லை. அக்சனின் ஞாபகத்தில் பழைய பெயர் இருந்தது.

மாலையில் சனம் நிறைந்துவிட்டது. திரையில் படம் ஓட, “வடிவாயிருக்கு” என்று பக்கத்துக் கதிரைகளில் சொன்னது காதில் தேனாக விழுந்தது. நானும் வதனியும் பின்வரிசையில் இருந்து ரோல்ஸ் சாப்பிட்டோம். அல்பத்துக்குப் படம் தெரிவு செய்வோம் என்று லப்டொப்பைத் திறந்து, கடைசிப் படங்கள் பக்கமாகத் தட்டினேன்.

சிவப்பு எழுத்து. அடுத்த படம், சிவப்பு எழுத்து. அதற்கடுத்ததும்.

“என்னப்பா, முகமெல்லாம் வெளிறுது?” என்றாள் வதனி. நான் லப்டொப்பை அவள் பக்கம் திருப்பினேன். வாசித்தாள்.

“உது ஆர் எழுதினது?”

“நான்தான்.”

“ஆரைப் பற்றி?”

“சிவப்பைப் பற்றி.”

“கள்ளனுக்குப் போட்ட பூட்டு” என்றேன். மிச்சத்தை விளக்க நேரமில்லை. திரையில் படங்கள் ஒழுங்கு பிசகாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கன்னிகாதானம் வந்துவிட்டது. நான் எழுந்து ஓடினேன். ஒரு மாமியின் சேலைத் தலைப்பை மிதித்தேன், ஒரு தட்டம் சோடாவைத் தட்டினேன். இயக்குகிற பெடியனின் மேசைக்கு இன்னும் கொஞ்சத் தூரம்தான். என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

“தம்பி! நில்லும்.” தம்பிராசா ஐயா. “சாப்பிட்டீரோ?”

“ஓம் ஐயா.”

“பொய் சொல்லாதேயும். ஓடித் திரியிறீர், எப்ப சாப்பிட்டனீர்?” மற்றக் கை என் தோளில் விழுந்தது. “படம் சோக்காயிருக்கு. இதிலை என்னோடை நிண்டு பாரும்.”

“ஐயா, ஒருக்கா அந்தப் பெடியனிட்டை...”

“அவன் பாப்பான். நீர் நில்லும்.”

தாலி கட்டு வந்தது. மாலை மாற்றுகிறார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அருந்ததி பார்க்கிறார்கள் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். பிறகு அத்தனை சனம் இருந்த மண்டபத்தில் நாதஸ்வரம் மட்டும் கேட்டது.

கண்ணைத் திறந்தேன். மணப்பெண் தனியாக, தலை குனிந்து சிரிக்கிற படம். அதற்குக் குறுக்கே, ஆள் உயர எழுத்தில், அவளுடைய உண்மையான சொந்தக்காரன் நான்.

ஐயா மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினார். ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டு வாசித்தார். என் மணிக்கட்டில் இருந்த விரல்கள் மெதுவாக இறுகின.

“தயாபரன் எண்டது ஆர்?”

அவருக்கு என்னைப் ‘படக்காரத் தம்பி’ என்றுதான் தெரியும். தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் சட்டைப்பையில் போன் அடித்தது. மேடைக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் தமையன், திரையில் இருந்த எண்ணுக்கு எடுத்து, போனைக் காதில் வைத்தபடி, சத்தம் வந்த திசையைத் தேடிக்கொண்டிருந்தார்.

“நீரோ?” என்றார் ஐயா மிகவும் மெதுவாக. “அப்ப, அந்தப் போன்காரனும் நீர்தானோ?”

விடுபட்டிருந்த கையால் சட்டைப்பையைப் பொத்தினேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஐயாவின் மற்றக் கை தோளில் இருந்து கழுத்துப் பக்கம் நகர்ந்தது.

அப்போது படம் மாறியது. மாப்பிள்ளையின் பெரியம்மா, ஆரத்தித் தட்டோடு முறைத்துக்கொண்டு நிற்கிறார். உண்மையான சொந்தக்காரன்: தயாபரன். அடுத்தது, கல்யாணம் செய்துவைத்த ஐயர். உண்மையான சொந்தக்காரன்: தயாபரன். அடுத்தது ஒரு வாழைக்குலை. யாரோ ஒரு பெண் பின்னால் களுக்கென்று சிரித்தாள். அடுத்ததாக, தலைப்பாகையும் மீசையுமாகத் திரை முழுக்க நின்றார் தம்பிராசா ஐயா. அவரும் களவெடுத்ததுதான். அவருக்கும் சொந்தக்காரன் நான்தான்.

வதனி லப்டொப்பைக் குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள்.

“ஐயா, உவரை விடுங்கோ! உவர் உங்கடை பிள்ளையை நிமிந்தும் பாத்திருக்க மாட்டார். கட்டின நாளிலையிருந்து என்னையே பாக்கேல்லை. உவர் பாக்கிறது சீலையின்ரை நிறத்தை மட்டும்தான். அதை ஆரும் களவெடுத்துப் போடுவினமெண்டு பூட்டுப் போட்டு வைச்சவர். அந்தப் பூட்டு உவருக்கே விழுந்திட்டுது!”

மேடையில் இருந்த மாப்பிள்ளை, சாதுவான வங்கி உத்தியோகத்தர், மைக்கை எடுத்தார். “மாமா, என்ரை பெரியம்மாவையும் தன்ரை எண்டு எழுதியிருக்கிறார். அவ்வளவு துணிஞ்ச ஆள் ஊரிலை இல்லை. உது பிழையாத்தான் வந்திருக்கும்.”

மண்டபம் சிரித்தது. ஐயா சிரிக்கவில்லை. திரையில் இருந்த தன் மீசையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கழுத்துக்குப் போன கை தோளுக்குத் திரும்பியது.

“சொந்தக்காரன் எண்டால் ஏன் பின்னுக்கிருந்து சாப்பிட்டனீர்? முன்னுக்கு வாரும்.”

மணிக்கட்டை விடாமலே கொண்டுபோய் உறவுக்காரர் வரிசையில் இருத்தி, தானும் பக்கத்தில் இருந்து, எனக்குச் சோறு போடுவித்தார். மன்னித்துவிட்டாரா, அல்லது பிறகு பார்ப்போம் என்று வைத்திருக்கிறாரா என்று தெரியாமல் நான் மூன்று பேரின் சாப்பாட்டைச் சாப்பிட்டேன். வேண்டாம் என்று சொல்லப் பயம்.

போகும்போது பென்ட்ரைவை வாங்கப் போனேன். திரையை இயக்கிய பெடியன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: “அண்ணை, உந்த அக்சன் எங்களிட்டையும் கிடக்கு. குருநகரிலை ஒராள் தந்தவர். ஆனா அதிலை உந்த எழுத்து வாறேல்லை. பூட்டைக் கழட்டிப் போட்டுத்தான் எல்லாருக்கும் குடுத்தவர்.”

ஆக, குடாநாட்டிலேயே என் பூட்டில் மாட்டுப்பட்ட ஒரே ஆள் நான். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

“தம்பி, எனக்கும் ஒண்டு போட்டுத் தாரும்” என்றேன்.

இப்போது நான் பாவிப்பது அதைத்தான். தம்பிராசா ஐயா வீட்டு விசேசம் எதுவானாலும் ‘சொந்தக்காரர் தயாபரன் குடும்பம்’ என்று எழுதிய அழைப்பிதழ் வந்துவிடும். போகாமல் இருக்கத் துணிவு இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் வதனி இந்தக் கதையைச் சொல்லுவாள், அதுவும் நடித்துக் காட்டி. மூக்குக்கண்ணாடி மாட்டுவதுபோலப் பாவனை செய்து, குரலைத் தடிப்பாக்கி, “தயாபரன் எண்டது ஆர்?” என்று அவள் கேட்கும்போது வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்கு மட்டும் இன்றைக்கும் கை தன்பாட்டில் போய்ச் சட்டைப்பையைப் பொத்திக்கொள்ளும்.