இருநூற்றுப் பதின்மூன்று கிண்ணங்கள்

அன்றைக்கு வந்திருந்தவர்கள்: பின்னல் சங்கத்துப் பெண்கள் இருபத்தாறு பேர். அவர்களுடைய கணவன்மார் பத்தொன்பது பேர். மீதி ஏழு பேரில் நான்கு பேர் காலமாகிவிட்டார்கள், இரண்டு பேர் துபாயில் இருக்கிறார்கள், ஒருவருக்கு முழங்கால் வலி. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக நாற்பத்தொன்று. அதில் ஒன்றுக்கு மூன்று மாதம்தான் ஆகிறது, ஆனாலும் தலை தலைதான். தெருக்காரர்கள் எண்பத்தெட்டு. பல்லடத்திலிருந்து வேன் பிடித்து வந்த விசைத்தறிக்காரச் சொந்தங்கள் இருபத்துநான்கு. ஈரோட்டு நூல் கடைக்காரர் ஷேக் பரீத், குடும்பத்தோடு ஐந்து. உடுமலைப்பேட்டையிலிருந்து தேங்காய் மூட்டையோடு வந்தவர்கள் நான்கு. சமையல்காரர்கள் ஆறு. மைக்செட்காரர் ஒன்று. ஆக மொத்தம் இருநூற்றுப் பதினான்கு.

எண்ணியவர் வெங்கடபதி. சிங்காநல்லூர் பக்கம் ஒரு நூற்பாலையில் முப்பத்துநான்கு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். கூச்ச சுபாவம். சமுதாயக் கூடத்து வாசலில் நின்று, வருகிறவர்களைக் கைகூப்பி வரவேற்பதுபோல் ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டிருந்தார். உதடு அசைந்ததைப் பார்த்து, மனுசன் எவ்வளவு பணிவாக வாங்க வாங்க என்கிறார் என்று பல்லடத்துக்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவர் எண்பத்தொன்று, எண்பத்திரண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எண்ணியதற்குக் காரணம் இருந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காப்பி குடிக்கும்போது அவர் ஒரு முடிவு எடுத்திருந்தார். பின்னல் சங்கத்துக்கு வெள்ளி விழா வருகிறது. அந்த விழா முடிவதற்குள் மேற்கு அறை தனக்கு வந்தாக வேண்டும்.

மேற்கு அறை மகள் தேஜஸ்ரீயுடையது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் கல்யாணமாகி பெங்களூர் போனாள். அந்த அறையில் தேக்குக் கட்டிலை ஜன்னலோரம் போட்டு, கதவைத் தாழிட்டுக்கொண்டு, மத்தியானம் ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடாமல் தூங்க வேண்டும் என்று வெங்கடபதி நினைத்தார். அவர் நினைத்து முடிப்பதற்குள் சங்கத்து நூல் ஒரு பை வந்தது. சங்கத்தின் செயலாளர் அவருடைய மனைவி ரங்கநாயகி. அப்புறம் ஒரு சாக்கு வந்தது. அப்புறம் அறை நிறைந்தது. கட்டில் கழற்றப்பட்டு, கால் நான்கு, சட்டம் நான்கு, பலகை ஏழு என்று நடையில் சுவரோரம் சாய்ந்து நின்றது. வெங்கடபதி ஹாலில், டிவிக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில், மடக்குக் கட்டிலில் படுத்தார். ஒரு காதில் சீரியல், ஒரு காதில் பிரிட்ஜ்.

அறையில் இருந்த கம்பளி நூல் உருண்டை இருநூற்று முப்பத்தொன்று. முக்கால்வாசி ஒரே பாசிப்பச்சை.

"ஏனுங்க, காப்பி ஆறுது. என்ன யோசனை?" என்றாள் ரங்கநாயகி. அவள் கையில் குரோஷா ஊசி ஓடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்ல ரங்கா. வெள்ளி விழாவுக்கு வாரவங்களுக்கு என்ன குடுக்கறீங்க?"

"தாம்பூலப் பை."

"அதைத்தான் எல்லாரும் குடுக்கறாங்களே. பின்னல் சங்கம்னா நூல் குடுத்தாத்தான லட்சணம்? தலைக்கு ஒரு உருண்டை."

"யாரோட நூலுங்க?"

"உள்ள கெடக்குதே, அதுதான்."

"அத்தனையுமா?"

"அத்தனையும் குடுத்தாத்தான் சமுதாயத்துக்கு ஒரு ஆர்வம் வரும்."

ஊசி நின்றது. முப்பத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் சமுதாயம் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. ரங்கநாயகி கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தாள். மூன்று கண்ணி பின்னுகிற நேரம் பார்த்தாள்.

"நல்ல யோசனைங்க," என்றாள்.

அவர் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் முதல் பேச்சிலேயே ஒத்துக்கொண்டது நான்கு தடவை. நான்கும் அவருக்கு நல்லபடியாக முடியவில்லை. எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருந்தவர் அந்தக் கணக்கை மட்டும் அன்றைக்கு எடுத்துப் பார்க்கவில்லை.

"ஆனா ஒண்ணுங்க," என்றாள் அவள். "உருண்டைய வெறுங்கையில குடுத்தா உருண்டு ஓடீரும். நாங்களே கிண்ணத்துல போட்டு வெச்சுத்தான் பின்னுவோம். கிண்ணத்தோட குடுத்தாப் பாக்க நல்லா இருக்கும்."

"கிண்ணத்துக்கு எங்க போறது?"

"உங்ககிட்டத்தான் இருக்குதே."

இருந்தது. தெருக் குடியிருப்போர் சங்கத்துக்குப் பாயசக் கிண்ணம் இருநூற்றைம்பது உண்டு. எல்லாவற்றிலும் சங்கத்தின் பெயர் வெட்டியிருக்கும். அதற்குப் பொறுப்பாளர் வெங்கடபதி. பந்தி முடிந்ததும் எச்சில் கையோடு நிற்கிறவரிடம் கிண்ணம் கேட்கிற ஒரே மனிதர்.

"அதை ஊட்டுக்கெல்லாம் குடுத்தனுப்ப முடியாது."

"ஒரு வாரத்துல திருப்பிக் குடுத்தரோணும்னு சொல்லிப்போட்டாப் போச்சு. யாரு எடுத்துட்டு ஓடப் போறா?"

"எங்க கொண்டாந்து குடுப்பாங்க?"

"நம்ம ஊட்டுலதான். உங்க கிண்ணம் உங்க கண்ணு முன்னால வந்து சேரட்டும்."

இது அவருக்குப் பிடித்திருந்தது. கண் முன்னால் என்பது நல்ல ஏற்பாடு.

மறுநாள் புதன்கிழமை தச்சர் சென்னிமலை வந்து மேற்கு அறையை அளந்தார். தரையிலிருந்து கூரை வரைக்கும், நாலு சுவரும்.

"கட்டிலுக்கா?" என்று வெங்கடபதி கேட்டார்.

"அம்மணி அளவெடுக்கச் சொன்னாங்க. எடுக்கறனுங்க."

வெங்கடபதிக்கு மனசு இளகிவிட்டது. கேட்காமலே புரிந்துகொண்டிருக்கிறாள். டேப்பின் மறுமுனையை அவரே பிடித்துக்கொண்டார். கட்டிலுக்குக் கூரை வரை எதற்கு அளவு என்று அவருக்குத் தோன்றவில்லை. கொசுவலைக்கு இருக்கும்.

விழா நன்றாக நடந்தது. இருபத்தைந்து வருஷத்துக்காக இருபத்தைந்து அடியில் ஒரு தோரணம் பின்னி வாசலில் கட்டியிருந்தார்கள். வெங்கடபதி அளந்து பார்த்தார், நாலு அங்குலம் அதிகமாக இருந்தது. பிரசவ ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்கு இருநூற்றைம்பது தொப்பி கொடுத்தார்கள். ஐந்து பேரோடு ஆரம்பித்த சங்கம் இருபத்தாறு பேர் ஆன கதையை ரங்கநாயகி மைக்கில் சொன்னாள். கடைசியில் கைகூப்பினாள்.

"நெறையப் பேரு அன்பளிப்புக் கொண்டாரலாமான்னு கேட்டீங்க. வேண்டாமுங்க. சக்கரை, பலகாரம்னு யாரும் செலவு பண்ணாதீங்க. எங்களுக்கு எல்லாமே நூல்தானுங்க."

எவ்வளவு அழகாகப் பேசுகிறாள் என்று வெங்கடபதி நினைத்தார். பிறகு அவரை மைக் முன்னால் தள்ளினார்கள். நான்கே வாக்கியம் பேசினார்.

"நூலு உங்களுக்கு. கிண்ணம் சங்கத்துக்கு. அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள எங்க ஊட்டுல குடுத்துருங்க. ஒண்ணு கொறையக் கூடாது."

கைதட்டினார்கள்.

வந்தவர்கள் இருநூற்றுப் பதினான்கு. அவரைக் கழித்தால் இருநூற்றுப் பதின்மூன்று. ஆளுக்கு ஒரு கிண்ணம், ஒரு உருண்டை. மீதி பதினெட்டு உருண்டை நின்றது. அவரைத் தவிர்த்துக் கணவன்மாரும் பதினெட்டுப் பேர். தெய்வமே கணக்குப் போட்டுக் கொடுத்ததுபோல் இருந்தது. அவர்களுக்கு மட்டும் இரண்டிரண்டாகப் போட்டார். கணவன்மார்கள் மறுக்கவில்லை. மறுத்துப் பழக்கமில்லாதவர்கள்.

அன்று மாலையே மேற்கு அறையைப் பெருக்கி, கட்டிலைப் பூட்டி, ஜன்னலோரம் போட்டார். கதவைத் தாழிட்டார். திறந்தார். மறுபடி தாழிட்டார். நல்ல தாழ்ப்பாள், ஒன்பது வருஷமாக வேலையில்லாமல் இருந்தும் துரு ஏறவில்லை. படுத்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரு காக்கா உட்கார்ந்து அவரைப் பார்த்தது. அதுவும் ஒன்றும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை எதிர்வீட்டுக் காளிச்சாமி முதல் கிண்ணத்தைக் கொண்டுவந்தார். அதற்குள் சிவப்பு நூல் உருண்டை ஒன்று இருந்தது.

"என்ன காளிச்சாமி, பச்சை பிடிக்கலியா? மாத்தறதுக்கு ஒண்ணும் இல்லியே."

"அது இல்லீங்கண்ணா. பச்சையில எங்க ஊட்டுக்காரி மாரியாத்தா மணிப்பர்சு பின்ன ஆரம்பிச்சுட்டா. இது எங்க ஊட்டு நூலு. பையனோட பழைய சொட்டரைப் பிரிச்சுச் சுத்தியிருக்கறா."

"எனக்கு எதுக்கு?"

"என்னுங்கண்ணா இப்படிக் கேக்கறீங்க. வெறுங்கிண்ணத்தை எப்புடித் திருப்பிக் குடுக்கறது?"

வெங்கடபதிக்கு உள்ளே எங்கேயோ ஒரு தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. அவரே பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுத்ததில்லை. ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார். ஆனால் ஆலையில் ஸ்டோரை விட்டுப் போன சாமான் எல்லாம் காலியாகத்தான் திரும்பி வரும். அவர் குடும்பஸ்தனாக யோசிக்காமல் ஸ்டோர் கீப்பராக யோசித்திருந்தார்.

"சக்கரை போட்டிருக்கலாமில்ல, காளிச்சாமி?"

"அம்மணிதான் மைக்குல வேண்டாமின்னுட்டாங்களே. நூல்தான் எல்லாம்னு சொன்னாங்க. நாங்க கேட்டுட்டுத்தான இருந்தோம்."

செவ்வாயன்று இருபது கிண்ணம் வந்தது. புதனன்று நாற்பத்தாறு. மஞ்சள், ஊதா, கத்திரிப்பூ, வெள்ளை. கணவன்மார் பதினெட்டுப் பேரும் சொல்லி வைத்ததுபோல், வாங்கிப்போன இரண்டையும் அப்படியே கொண்டுவந்து மேலே இன்னொன்றும் சேர்த்து வைத்தார்கள். அவர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு மேற்கு அறை இருந்தது. மைக்செட்காரர் வீட்டில் நூல் இல்லையாம், வயர் ஒரு சுருள் வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை பல்லடத்து வேன் வந்தது. இருபத்துநான்கு கிண்ணத்தை இறக்கிவிட்டு, சாக்கு மூட்டைகளையும் இறக்கினார்கள்.

"இதென்னுங்க?"

"நூல் சுத்துன கோனுங்க. தலைக்கு நாலு. கிண்ணத்துல நிக்க மாட்டேங்குது, அதனால சாக்குல போட்டாந்துட்டோம். தப்பா நெனைக்காதீங்க."

"நெனைக்கலீங்க," என்றார் வெங்கடபதி.

சனிக்கிழமை ஈரோட்டிலிருந்து ஷேக் பரீத் பார்சலில் ஐந்து கிண்ணத்தையும், கூடவே ஒரு பெரிய பொட்டலத்தையும் அனுப்பியிருந்தார். நூல் கடைக்காரன் ஒரு உருண்டை அனுப்பினால் மரியாதையாக இருக்குமா என்று போனில் வேறு கேட்டார். பொட்டலத்தில் நூற்று நாற்பத்திரண்டு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹாலில் நடக்க வழியில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு கிண்ணம் வந்தாகிவிட்டது. வெங்கடபதி மூன்று தடவை எண்ணினார்.

"ரங்கா, ஒண்ணு கொறையுது."

"என்னோடதுங்க," என்று ரங்கநாயகி தன் பக்கத்திலிருந்த கிண்ணத்தை எடுத்து நீட்டினாள். உள்ளே வெள்ளை உருண்டை ஒன்று இருந்தது. அவளும் வெறுமனே கொடுக்கவில்லை.

அந்த நேரம் வாசலில் டெம்போ நின்றது. சென்னிமலை இரண்டு ஆட்களோடு இறங்கி, நேராக மேற்கு அறைக்குப் போனார்.

"ஏனுங்கண்ணா, கட்டிலைக் கழட்டிக்கலாமுங்களா?"

"எதுக்கு?"

"ரேக்கு மாட்டோணுமுங்க. நாலு செவுத்துக்கும், கூரை வரைக்கும். நீங்கதான டேப்புப் புடிச்சீங்க?"

"இதை எப்பச் சொன்னாங்க?"

"அளவெடுத்தனே, அன்னைக்குத்தானுங்க. போன மாசம் புதன்கெழம."

வெங்கடபதி கணக்குப் போட்டுப் பார்த்தார். அவர் முடிவு எடுத்தது செவ்வாய். நடுவில் இருந்தது ஒரே ஒரு ராத்திரி.

"ரங்கா. உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"என்னதுங்க?"

"எல்லாரும் நூலப் போட்டுத்தான் குடுப்பாங்கன்னு."

"கிண்ணம் திரும்பி வரோணும்னு சொன்னது நீங்கதானுங்களே. வெறுங்கிண்ணமா வரோணும்னு நீங்க சொல்லலீங்க."

"அதையெல்லாமா வாயால சொல்லுவாங்க?"

"அதுதான் நானும் சொல்றேன். யாரும் சொல்லமாட்டாங்க." அவள் கண்ணி எண்ணிக்கொண்டே பேசினாள். "ரெண்டு மாசமா சங்கத்துல இதே கவலைதானுங்க. பழைய நூலு முச்சூடும் பாசிப்பச்சை, ஒருத்தரும் தொடமாட்டேங்கறாங்க. புதுசு வாங்க வழியில்ல. சாமி மாதிரி நீங்க வந்து யோசனை சொன்னீங்க. வெள்ளி விழா மலர்ல உங்க பேரைப் போடோணும்னு எல்லாரும் சொல்றாங்க."

வெங்கடபதிக்குக் கணக்கு தமிழில் வரும். கோபம் மட்டும் தாய்மொழியான தெலுங்கில் வரும். தெலுங்கில் ஒரு வாக்கியம் சொன்னார்.

"சரிங்க, அந்தப் பலகைய ஒரு கை புடிங்க," என்று ரங்கநாயகி தமிழில் சொன்னாள்.

பிடித்தார். சாயங்காலத்துக்குள் ரேக்குகள் ஏறின. உருண்டைகள் நிறவாரியாக ஏறின. அடுக்கியவர் அவர்தான், வேறு யார் அடுக்கினாலும் எண்ணிக்கை தப்பிவிடும். உருண்டை முந்நூற்று அறுபத்தொன்று. கோன் தொண்ணூற்றாறு. வயர் ஒரு சுருள். கதவு பாதிதான் சாத்தியது, தாழ்ப்பாள் எட்டவில்லை.

பழக்க தோஷத்தில், உள்ளே போகாமல் வெளியே நின்றதையும் எண்ணினார். கட்டில் ஒன்று, வெங்கடபதி ஒன்று. ஆக, மீதி இரண்டு.