வணக்கம் உலகமே, அப்புறம்?

எப்போதும் தொடங்கிக்கொண்டே இருக்கிற ஒரு மனிதரைப் பற்றி, அவர் ஏதோ செய்துகொண்டிருக்கிறார் என்று சொல்லலாமா? கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. வாசற்படியில் ஒரு காலை வைத்தபடி நிற்கிறவர் வீட்டுக்குள் இருக்கிறாரா, வெளியே இருக்கிறாரா என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். அன்றைய பொழுது அதிலேயே போய்விடும். இந்தக் கேள்விக்கு நடமாடும் உதாரணமாக ஓர் இனம் நம்மிடையே பெருகிவிட்டது. சாஃப்ட்வேர் எழுதக் கற்றுக்கொள்ளத் தொடங்கியவர் என்பது அதன் முழுப்பெயர். கற்றுக்கொண்டவர் அல்ல. கற்றுக்கொள்கிறவர்கூட அல்ல. தொடங்கியவர்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். கணினி மொழி எதுவானாலும் முதல் பாடம் ஒன்றுதான்: 'வணக்கம் உலகமே' என்று ஒரு வரியைத் திரையில் வரவழைப்பது. வந்துவிட்டால் உடம்பெல்லாம் புல்லரிக்கும். நியாயம்தான், உயிரில்லாத பெட்டி ஒன்று நீங்கள் சொன்னதைச் சொல்லிவிட்டது. மற்றவர்கள் இரண்டாம் பாடத்துக்குப் போவார்கள். நம்மவர் அதே புல்லரிப்பை மறுபடி அனுபவிக்க இன்னொரு மொழிக்குப் போவார். அங்கேயும் வணக்கம். அது அலுத்ததும் வேறொன்று, அங்கேயும் வணக்கம். இப்படி உலகத்துக்கு எத்தனையோ மொழிகளில் கும்பிடு போட்டாயிற்று. உலகமும் ஒரு நாள் நின்று, திரும்பிப் பார்த்து, "வணக்கம், சொல்லுங்க, என்ன விஷயம்?" என்று கேட்டது. ஆள் அங்கே இல்லை.

இந்த இனத்தின் தேர்ந்த மாதிரி ஒருவர் டைல்ஸ் கடையில் விற்பனையாளராக இருந்தார். உடன் வேலை பார்த்தவர்கள் அவருக்குத் தொடக்கநாதர் என்று பெயர் வைத்திருந்தார்கள். வேலையில் கெட்டிக்காரர். டைல்ஸின் மேல் தண்ணீர் தெளித்து, வாடிக்கையாளரைச் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கச் சொல்லி, வழுக்குகிறதா இல்லையா என்று கண் முன்னே காட்டுவார். ஆனால் மனம் அங்கே இருக்காது. ஒருநாள் அப்படி ஈரத்தில் நின்றுகொண்டிருந்த பெரியவரிடம், "இப்பல்லாம் எந்தப் பக்கம் போனா எதிர்காலம் இருக்குன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார். பெரியவர், "நான் பாத்ரூம் பக்கம் வழுக்காம போகத்தான் வழி கேட்டு வந்திருக்கேன்" என்றார்.

சாஃப்ட்வேர் எழுத உட்காருவதற்கு முன்பு அவர் செய்துமுடிக்க வேண்டிய சடங்குகள் கொஞ்சநஞ்சமல்ல: முதுகைத் தாங்குகிற நாற்காலி வேண்டும், தட்டினால் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி சத்தம் வருகிற கீபோர்டு வேண்டும், திரையின் பின்னணி கறுப்பாக இருக்க வேண்டும், கறுப்பு என்றால் எந்தக் கறுப்பு என்று ஒரு வாரம் தேட வேண்டும், மேசை ஜன்னலைப் பார்த்திருந்தால் கவனம் சிதறும் என்பதால் சுவரைப் பார்க்கத் திருப்ப வேண்டும், சுவரைப் பார்த்தால் மூச்சு முட்டும் என்பதால் மறுபடி ஜன்னலுக்கே திருப்ப வேண்டும், எந்த மொழி சிறந்தது என்று இணையத்தில் முன்பின் தெரியாதவர்கள் போடுகிற சண்டையைக் கடைசி வசவு வரை படிக்க வேண்டும், தள்ளுபடியில் வாங்கிய கோர்ஸ்களை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத் துணி மடிக்க வேண்டும். துணி நன்றாக மடிக்கப்பட்டது. எழுதியது? வணக்கம்.

இத்தனைக்கும் நடுவில் எப்போதாவது இரண்டாம் பாடத்தின் வாசனை அடித்துவிட்டால் ஒரு மந்திரம் வைத்திருந்தார். "அடிப்படை சரியில்ல. முதல்லேருந்து ஆரம்பிச்சிடலாம்."

அவருடைய மனைவி டிரைவிங் ஸ்கூல் நடத்தினார். ஒரே கார். பழகுகிறவர்கள் எல்லாரும் அவரை மேடம் என்றார்கள். தொடக்கநாதரும் பயம் வரும்போது அப்படித்தான் கூப்பிட்டார். மேடத்துக்கு வண்டி சொன்னபடி கேட்கும், ஆள்களும் சொன்னபடி கேட்பார்கள், நேரம் மட்டும் கேட்காது. யாருக்கு எத்தனை மணி என்பதெல்லாம் அவர் மண்டைக்குள்தான் இருந்தது. பல் டாக்டரையும் புது மாப்பிள்ளை ஒருவரையும் ஒரே மணிக்கு வரச் சொல்லிவிடுவார். ஒருவர் ஓட்டும்போது இன்னொருவர் பின்சீட்டில் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பார். பிறகு இடம் மாறுவார்கள். உயிரும் கை மாறும். இந்த நிலைமையில் அடுத்த தெருவில் இன்னொரு டிரைவிங் ஸ்கூல் திறந்தார்கள். இரண்டு கார்.

மேடத்தின் தம்பி சின்னதாக ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி நடத்திவந்தார். செருப்புக் கடைக்கு மேலே மாடியில் ஓர் அறை, நாலைந்து பேர், எந்நேரமும் தோல் வாசனை. அவர் ஒருநாள் வீட்டுக்கு வந்து தொடக்கநாதரின் நாற்காலியில் சாய்ந்து, கீபோர்டைத் தட்டிப் பார்த்து, மழைச் சத்தத்தை ரசித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"மாமா, சர்டிஃபிகேட் எதுவும் எனக்குக் காட்ட வேணாம். முழுசா முடிஞ்ச ஒரே ஒரு பொருள் காட்டுங்க. அக்கா ஸ்கூலுக்கே எழுதுங்களேன். யாருக்கு எப்ப கிளாஸ்னு குறிச்சு, அவங்களுக்கு ஒரு மெசேஜ் போகணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா மாப்ள?"

"அது ஓடுச்சுன்னா என் ஆபீஸ்ல ஜன்னலோரம் சீட் உங்களுக்கு. மே மாசம் முடியறதுக்குள்ள. அப்புறம் நான் காத்திருக்க முடியாது, எனக்கு ஆள் தேவை."

தொடக்கநாதருக்கு அன்று தரையில் கால் பாவவில்லை. வாழ்நாளெல்லாம் அவர் ஏங்கியது அந்த ஜன்னலோரச் சீட்டுக்குத்தான். டைல்ஸ் கடையின் தூசியிலிருந்து விடுதலை. தன் கையால் எழுதிய ஒன்றை ஊரில் நாலு பேர் பயன்படுத்துகிற பெருமை. அது வேண்டுமானால் ஒரே ஒரு வேலையை முடிக்க வேண்டும். முடிப்பதா? அது அவருக்குப் பழக்கமில்லாத வினைச்சொல்.

முதல் வாரம் புரோகிராமுக்குப் பெயர் வைத்தார். இரண்டாம் வாரம் சுழல்கிற ஸ்டீரிங் ஒன்றைச் சின்னமாக வரைந்தார். மூன்றாம் வாரம் உள்ளே நுழைகிற பக்கத்தைக் கட்டினார். கட்டி முடித்ததும் மனைவியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"என்னங்க இது, உள்ளயே விட மாட்டேங்குது?"

"பாஸ்வேர்டுல ஒரு பெரிய எழுத்து, ஒரு நம்பர், ஒரு குறி இருக்கணும்."

"யார்கிட்டேருந்து காப்பாத்தறீங்க? இதைத் தொடப்போறது நான் ஒருத்திதான்."

"நாளைக்கே லட்சம் பேர் வந்தா?"

"எங்க உக்கார வைக்கிறதுங்க? இப்பவே ஒருத்தர் மடியில ஒருத்தர் உக்காராத குறை."

மேடம் பொறுமையாகப் பெரிய எழுத்து, நம்பர், குறி எல்லாம் போட்டார். ஸ்டீரிங் சுழன்றது. திரையில் 'வருக மேடம்' என்று பூப்போட்ட எழுத்தில் வந்தது. அதற்குக் கீழே வெள்ளை. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை.

"அப்புறம்?"

"அப்புறம் இனிமேதான். ஆனா ஒண்ணு. இதுக்குப் புதுசா ஒரு முறை வந்திருக்காம். யோசிச்சுப் பார்த்தா அடிப்படையே சரியில்ல, முதல்லேருந்து..."

மேடம் எழுந்துகொண்டார். "என்கிட்ட வர்றவங்களும் சிலர் இப்படித்தான். கியரே போடாம ஆக்ஸிலேட்டரை மிதிப்பாங்க. சத்தம் கேட்டு தெருவே திரும்பிப் பாக்கும். வண்டி மட்டும் நின்ன இடத்துலயே நிக்கும்." சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். போகிற போக்கில், "அடுத்த தெருக்காரன் நேத்து என் ஆள் ரெண்டு பேரை இழுத்துட்டான்" என்றார்.

இது உறைத்தது. எப்படி உறைத்தது, எங்கே உறைத்தது என்பதெல்லாம் ஆராய்ச்சிக்குரியவை. மறுநாள் கடைக்கு லீவு போட்டுவிட்டு, மேசையை எந்தப் பக்கமும் திருப்பாமல், சமையலறை மேசையில், வெங்காயச் சருகுகளுக்கு நடுவே லேப்டாப்பை வைத்து எழுதினார். பழைய முறையிலேயே எழுதினார். இரண்டாம் பாடம் வந்தது, தாண்டினார். மூன்றாவது வந்தது, அது புரியவில்லை, இருந்தும் தாண்டினார். தப்பு என்று திரை சிவந்தது. சிவந்தால் சிவக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தார். மாதம் முடிய இன்னும் சில நாள்கள் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பழகுகிறவர்கள் எல்லாருடைய போனிலும் 'டிங்' என்றது. உங்கள் வகுப்பு இன்ன தேதி, இன்ன மணிக்கு. வீட்டுக்குள் அவர் ஆடிய ஆட்டத்தை எதிர் மாடியிலிருந்து பார்த்தவர்கள் அவருக்குக் காலில் ஏதோ கடித்துவிட்டது என்றே நினைத்தார்கள்.

மறுநாள் காலை மைத்துனர் நேரில் பார்க்க வந்தார். மேடம் காரைத் தெருமுனையில் நிறுத்தி, பழக்குகிறவருக்கான இடத்தில் உட்கார்ந்திருந்தார். ஓட்டுகிறவர் இடம் காலி. முதல் ஆள் வரவில்லை. இரண்டாம் ஆள் வரவில்லை. பிறகு பல் டாக்டர் மட்டும் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார்.

"வாங்க டாக்டர்" என்று ஓடினார் தொடக்கநாதர். "மெசேஜ் பாத்துட்டுதானே வந்தீங்க?"

"மெசேஜா? நான் அதையெல்லாம் பாக்கறதே இல்லீங்க. வழக்கம்போல வந்தேன்."

மேடம் புது மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். எதிர்முனையில் கொட்டாவி. "மேடம், அடுத்த மாசம்னுதானே போட்டிருக்கீங்க? ஜூன்னு இருக்கே. சரி, அதுவரைக்கும் அடுத்த தெருவுல பழகலாமான்னு வீட்ல கேக்கறாங்க."

நடந்தது இதுதான். கணினிக்காரர்களுக்கு எண்ணிக்கை ஒன்றில் தொடங்காது, பூஜ்யத்தில் தொடங்கும். இவர் எழுதிய மொழியில் ஜனவரி பூஜ்யமாவது மாதம், பிப்ரவரி ஒன்றாவது. மே என்றால் ஐந்து என்று நம்பி இவர் ஐந்தைக் கொடுத்தார். அது ஐந்து என்றால் ஜூன் என்று நம்பி ஜூனைக் கொடுத்தது. இரண்டு பேரும் அவரவர் நம்பிக்கையில் உறுதியாக இருந்ததில் ஒரு டிரைவிங் ஸ்கூல் மொத்தமும் ஒரு மாதம் தள்ளிப்போய்விட்டது.

தொடக்கநாதரின் முகத்தில் பழைய களை வந்தது. "எனக்குத் தெரியும். அடிப்படை சரியில்ல. முதல்லேருந்து..."

"வேணாம்" என்றார்கள் அக்காவும் தம்பியும் ஒரே குரலில். பல் டாக்டரும், விஷயம் என்னவென்று தெரியாவிட்டாலும், வேண்டாம் என்று தலையசைத்தார்.

மைத்துனர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, லேப்டாப்பைக் காரின் பானட்டின் மேல் வைத்தார். "மாமா, ஒண்ணு குறைங்க."

"எதுல?"

"மாசத்துல. இந்த வரியில. ஒரு ஒண்ணு குறைங்க, போதும்."

இரண்டே தட்டு. கீபோர்டில் மழைகூடப் பெய்யவில்லை. தான் எழுதிய ஒன்றை அழிக்காமல் திருத்துவது அவருக்கு அதுவே முதல் தடவை. திருத்திய வரியை, நடுத்தெருவில் வெயிலில் நின்றபடி, பிறந்த குழந்தைக்கு விரல்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எல்லார் போனும் மறுபடி 'டிங்' என்றது. மறுநாளிலிருந்து ஆள்கள் ஒருவர் பின் ஒருவராக அவரவர் மணிக்கு வந்தார்கள். பின்சீட்டில் யாரும் இல்லை. அடுத்த தெருக்காரர் இழுத்துப் போனவர்களில் ஒருவர் திரும்பியும் வந்துவிட்டார்.

"எங்க ஆபீஸ்ல இந்த மாசத் தப்பைப் பண்ணாதவங்க யாருமே இல்ல" என்றார் மைத்துனர். "இப்பதான் நீங்க எங்க ஆளு. அடுத்த திங்கக்கிழமை ஒம்போது மணிக்கு வந்துடுங்க. வரலேன்னா இன்னொருத்தர் காத்துக்கிட்டிருக்கார், அவரை உக்கார வெச்சிடுவேன்."

"டேய், வராம எங்க போவாரு?" என்றார் மேடம்.

டைல்ஸ் கடையில் நண்பர்கள் அவருக்கு முடித்தநாதர் என்று பெயரை மாற்றி டீ வாங்கிக் கொடுத்தார்கள். சட்டை இஸ்திரிக்குப் போனது.

வழக்கமாகக் கட்டுரையின் கடைசியில் வைக்கிற எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. இந்த இனத்தார் எதன் கடைசிக்கும் வருவதில்லை. நீங்கள் இதுவரை வந்துவிட்டீர்கள், சரி. ஆனால் நடுவில் எங்கேயோ, 'நாமும் இதைக் கற்றுக்கொண்டால் என்ன, எந்த மொழியில் ஆரம்பிக்கலாம்?' என்று ஒரு குரல் உள்ளே கேட்டதா இல்லையா? அதற்கு முன்னால் மேசையை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று அந்தக் குரல் சொன்னதா? மேற்கொண்டு எதுவும் சொல்வதற்கில்லை. கதைக்கு வருவோம்.

ஞாயிறு மாலை மேடம் பாஸ்வேர்டைப் போட்டு, வருக மேடத்தைத் தாண்டி, அந்த வாரத்துக்கான பட்டியலைத் திறந்தார். திங்கள், ஒன்பது மணி. அந்த இடத்தில் அவர் கணவரின் பெயர் இருந்தது. புதிதாகப் பழகுகிறவர் என்று குறிக்கப்பட்டிருந்தது. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவரின் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. தெரியுமா என்று யாரும் இதுவரை கேட்கவில்லை, அதனால் சொல்லவுமில்லை.

மேடம் இன்னொரு மாதத் தப்பு என்றுதான் நினைத்தார். ஆனால் திங்கட்கிழமை ஒன்பது மணிக்குத் தொடக்கநாதர் இஸ்திரிச் சட்டையோடு தெருமுனைக்கு வந்து, கதவைத் திறந்து, ஓட்டுகிறவர் இடத்தில் உட்கார்ந்து பெல்ட்டையும் போட்டுக்கொண்டார். சட்டைப் பையில் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது.

"ஏங்க" என்றார் மேடம். "என் தம்பி அங்க சீட்டை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்."

அவர் குனிந்து காலடியில் பார்த்தார்.

"இதுல கிளட்ச் எது?"

அன்று மத்தியானமே அந்தச் சீட்டில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். தொடங்குகிற நோய் கார் வரைக்கும் பரவிவிட்டது என்றார்கள் கடை நண்பர்கள். மாமாவுக்குப் பயம் என்றார் மைத்துனர். ஏன் போகவில்லை என்று மேடம் ஒரு வாரம் கேட்டுப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். அந்த வாரக் கடைசியில் வண்டி மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருந்தது, பேச்சுக் கொடுத்தால் கவனம் சிதறும். அவர் கை நான்காவதுக்குப் போனது.